தட்டை மூடுமுன் தண்ணியை வெளியேற்றுங்கள்

பைபர் உக்காது என்பார்கள். உண்மைதான், உக்குவது அதற்குள் வைத்த பலகை. காரைநகர் சீநோர் படகுத் தொழிற்சாலைக் காலத்திலிருந்து பைபர் படகு பழகிய எங்கள் பக்கத்திலும், தட்டு மெத்தென்று அமிழ்ந்தால் மேலே ஒரு பைபர் மாட் ஒட்டிவிட்டுக் கடலுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அது நோயை உள்ளே வைத்துத் தைப்பதுதான்.

திருத்த வேலைக்குப் படகை மானிப்பாயிலுள்ள என் வளவுக்கே கொண்டுவந்துவிடுவேன். கரையில் உப்புக்காற்று, இங்கே கிணற்று நல்ல தண்ணியால் உப்புப் போகக் கழுவலாம், நிழலில் வேலை செய்யலாம். வாடை மழைக்கு முன் முடிப்பது நல்லது.

முதலில் சுத்தியல் பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல இடம் 'டக்' என்று கேட்கும். ஊறிய இடம் மந்தமாகக் கேட்கும். சத்தம் மாறும் எல்லையைச் சோக்கால் கீறி, அதற்கு அப்பாலும் கொஞ்சம் சேர்த்து மேல்தோலை வெட்டுங்கள். உக்கிய பலகையை முழுக்கச் சுரண்டி எடுங்கள். கறுத்த ஈரப்பலகை ஒரு துண்டு மிஞ்சினாலும் அங்கிருந்து மறுபடி உக்கத் தொடங்கும்.

பிறகு காயவிடுங்கள். இந்த வேலையில் பொறுமை வேண்டிய இடம் இதுதான். தெளிந்த பொலித்தீனை மேலே விரித்து, ஓரங்களை ரேப்பால் ஒட்டி ஒரு நாள் வெயிலில் விடுங்கள். அடிப்பக்கத்தில் வியர்த்திருந்தால் இன்னும் ஈரம் உண்டு. ஈரத்தில் ரெசின் பிடிக்காது.

புதிய மரைன் பிளைவுட்டின் எல்லாப் பக்கமும், வெட்டிய விளிம்புகள் உட்பட, ரெசின் பூசிய பிறகே பதியுங்கள். பழைய தோலின் ஓரத்தை, தடிப்பைப்போல் 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்க்க வேண்டும்: 3 மில்லிமீற்றர் தோலுக்கு 36 மில்லிமீற்றர். அசற்றோனால் துடைத்துவிட்டு மாட் போடுங்கள். உருளையால் காற்றுக் குமிழியை வெளியே தள்ளுங்கள்.

ஒரு கிலோ பொலியெஸ்டர் ரெசினுக்கு ஹாட்னர் 10 முதல் 20 மில்லிலீற்றர் போதும். எங்கள் வெக்கைக்குக் குறைந்த அளவே பொருந்தும். விடியற்காலையில், சிறுகச் சிறுகக் கலக்குங்கள். ரெசினை விரைவாக இறுகவைக்கும் கோபால்ற்றையும் ஹாட்னரையும் ஒருபோதும் நேரடியாகச் சேர்க்காதீர்கள், வெடிக்கும். கிறைண்டர் பிடிக்கும்போது முகமூடி, கண்ணாடி, முழுக்கைச் சட்டை கட்டாயம்.

கடைசியாக, தண்ணி புகுந்த வழியை அடையுங்கள். பெரும்பாலும் அது ஆணித்துளைதான். துளையைப் பெருப்பித்து, தடித்த ரெசினால் நிரப்பி, காய்ந்தபின் நடுவில் புதிதாகத் துளைத்து, சீலன்ற் வைத்து ஆணியை முடுக்குங்கள். இதை விட்டால் புதுப்பலகையும் அதே துளையால் உக்கும்.