தேவாங்கு தேடப் போகுமுன்

கீரனூர்

அன்புள்ள கயல்,

காட்டுயிர்ப் பாதுகாப்பில் தன்னார்வலராகச் சேர போர்னியோ போகலாமா என்று கேட்டிருந்தாய். முதலில் நம் மாவட்டத்தைப் பார், கண்ணு. ஒட்டன்சத்திரம், வேடசந்தூர் தாண்டினால் கடவூர் மலை. அங்கே திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காட்டை 2022 அக்டோபரில் தேவாங்கு சரணாலயமாக அரசு அறிவித்தது. தேவாங்குக்கென்று இந்தியாவில் அமைந்த முதல் சரணாலயம் அது. அதற்கு வெகுமுன்பே, தொண்ணூறுகளின் கடைசியில், அன்னா நெகாரிஸ், சிந்து ராதாகிருஷ்ணா என்ற ஆய்வாளர்கள் அய்யலூர்ப் பக்கம் இரவிரவாக நடந்து ஆராய்ந்திருக்கிறார்கள். தேவாங்கு எறும்பையும் கரையானையும் விரும்பித் தின்னும் என்பதெல்லாம் அப்படித் தெரிய வந்ததுதான்.

வேலை இருட்டிய பிறகு. நெற்றி விளக்கில் சிவப்புக் கண்ணாடித்தாளை ஒட்டிக்கொள்; வெள்ளை வெளிச்சம் தேவாங்கின் கண்ணைக் கூசவைக்கும். விளக்கு உன் கண்ணுக்கு அருகிலேயே இருக்க வேண்டும், அப்போதுதான் அதன் கண்ணின் எதிரொளி உனக்குத் திரும்பும். ஒவ்வொரு மரத்தையும் அடியிலிருந்து நுனிவரை நிதானமாகப் பார். கங்குபோல இரண்டு செம்மஞ்சள் புள்ளிகள் சேர்ந்து தெரிந்தால் அங்கேயே நில். நேரம், மரம், தரையிலிருந்து எத்தனை உயரம், பக்கத்து மரத்தோடு கிளை தொடுகிறதா, எல்லாவற்றையும் குறித்துக்கொள்.

அந்தக் கடைசிக் கேள்விதான் எனக்கு முக்கியம். தேவாங்கு தாவாது, கிளையைப் பற்றிப் பற்றித்தான் போகும். நடுவில் வெள்வேலையோ உசிலையையோ வெட்டிவிட்டால் தரையில் இறங்க வேண்டியதுதான். அங்கே நாய் உண்டு, சாலை உண்டு. அதனால் விலங்கைக் காணாத இரவிலும் கிளை அறுந்த இடங்களை எழுது. 'இன்று ஒன்றும் தென்படவில்லை' என்பதையும் தேதி போட்டு எழுது. அதை விட்டுவிட்டால் எண்ணிக்கை பொய்யாகிவிடும்.

தொடாதே, தூக்காதே. படம் எடுத்தாலும் இடத்தைச் சொல்லி வெளியிடாதே. மருந்துக்கும் மாந்திரீகத்துக்கும் தேவாங்கைப் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதைப் பார்த்தாலே ஆகாது என்று ஆடு மேய்க்கிறவர் யாராவது சொன்னால் மறுத்துப் பேசாமல் உட்கார்ந்து கேள். எந்தப் புதரில் பார்த்தார் என்பதை அவரே சொல்வார்.

வனத்துறை அனுமதியில்லாமல் காப்புக்காட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. வனச்சரக அலுவலகத்துக்கு விண்ணப்பம் எழுதி எனக்கு அனுப்பு, திருத்தித் தருகிறேன். கணுக்கால் மூடும் ஷூ ஒன்றும் வாங்கிக்கொள்.

அன்புடன்,
மாமா