மழைத்துடைப்பான்

காவிரி பாயும் தஞ்சை நாட்டில் ஐப்பசியும் கார்த்திகையும் அடைமழைக் காலமாகும். ஆண்டு முழுவதும் பெய்யும் மழையிற் பாதிக்கு மேற்பட்டது வடகிழக்குப் பருவக்காற்றினால் வருவதே. சம்பாப் பயிருக்கு உயிரூட்டும் அம்மழை, சாலையிற் செல்வோர்க்கு இடர் விளைப்பதும் உண்டு. ஆற்றங்கரைகளின் மீதும் வாய்க்கால் ஓரங்களிலும் வளைந்து செல்லும் குறுகிய சாலைகள் அங்கு மிகுதி. ஒருபுறம் நிறைந்தோடும் நீர். மறுபுறம் தாழ்ந்த வயல். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்திற் செல்லும் கார், ஒரு நொடியில் 11 மீட்டர் கடந்துவிடும். மூன்று நொடி வழி தெரியாமற் போனாலும் 33 மீட்டர் தொலைவு குருட்டுப் பயணமே. அவ்வேளையில் காரோட்டிக்கு உற்ற துணையாவது, முகப்புக் கண்ணாடியின் மீது இடையறாது அசையும் மழைத்துடைப்பான். ‘வைப்பர்’ என்பது அதற்கு ஓட்டுநர் வழங்கும் பெயர்.

இக்கருவியின் வரலாறு சுவையானது. அமெரிக்க நாட்டின் அலபாமா மாநிலத்தைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன் என்னும் பெண்மணி, குளிர்காலத்தில் ஒருமுறை நியூயார்க் நகருக்குச் சென்றார். அங்கே டிராம் வண்டியின் ஓட்டுநர், கண்ணாடியிற் படியும் பனியினால் வழி தெரியாது இடர்ப்படுவதைக் கண்டார். வண்டிக்குள் இருந்தவாறே கைப்பிடியால் இயக்கக்கூடிய ரப்பர்த் துடைப்பான் ஒன்றை வகுத்து, 1903-ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். அக்காலத்தார் அதன் பயனை உணர்ந்திலர். அவருக்குப் பொருள் வருவாயும் கிட்டவில்லை. ஆயினும், துடைப்பான் இல்லாத காரை இன்று எங்கும் காண்டல் அரிது.

பின்னர் வந்த கார்கள் பலவற்றில் எஞ்சினின் உறிஞ்சு விசையே துடைப்பானை இயக்கிற்று. மேட்டில் ஏறும்போது அவ்விசை குன்றும். துடைப்பானும் தயங்கி நிற்கும். இக்குறையை மின்மோட்டார் போக்கிற்று. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரை அடியொற்றி அமைந்த அம்பாசிடர், வங்காளத்து உத்தரபாராவில் 1950-களின் பிற்பகுதி தொடங்கி 2014-ஆம் ஆண்டு வரை உருவாயிற்று. அதனையும் அதனையொத்த பழைய கார்களையும் இன்றும் அன்போடு பேணி வருவோர் உளர்.

ஆங்கில முறையில் அமைந்த பழைய கார்கள் பலவற்றில் துடைப்பான் இயங்கும் விதம் வியத்தற்குரியது. மோட்டார் ஒரே திசையிற் சுழல்வது. துடைப்பானோ இருபுறமும் அசைவது. மோட்டாரின் சுழற்சியை, பற்சக்கரமும் அதனோடு இணைந்த தண்டும் முன்பின் அசைவாக மாற்றுகின்றன. அவ்வசைவைப் புரிச்சுற்று உடைய எஃகு வடம் ஒன்று குழாயினூடே எடுத்துச் செல்கிறது. துடைப்பானின் கை ஒவ்வொன்றின் அடியிலும் உள்ள சிறு பற்சக்கரம் அவ்வடத்தைப் பற்றிக்கொண்டு இங்குமங்கும் திரும்புகிறது.

இத்தகைய கருவி மழையினாற் கெடுவதைவிட வெயிலினாற் கெடுவதே மிகுதி. சித்திரை, வைகாசி வெயிலில் ரப்பர் இறுகி வெடிக்கும். புழுதியும் அதற்குப் பகையாகும். அறுவடைக் காலத்தில் நெல்லையும் வைக்கோலையும் சாலையிலேயே பரப்பும் வழக்கம் தஞ்சை நாட்டில் உண்டு. அங்கு எழும் தூசி கண்ணாடியிற் படிகிறது. உமியை எரித்தால் அதன் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக எஞ்சும், அச்சாம்பலிற் பெரும்பகுதி சிலிக்கா, மணலும் அப்பொருளாலாயதே. ஆகவே, உலர்ந்த கண்ணாடியின் மீது துடைப்பானை ஓட்டுதல், உப்புத்தாளால் தேய்ப்பதை ஒக்கும். முதலில் நீர் தெளித்துக் கழுவுதல் வேண்டும்; அதன்பின்னரே துடைப்பானை இயக்குதல் வேண்டும்.

துடைப்பான் தன் நோயைத் தானே கூறிவிடும். கண்ணாடியில் மெல்லிய நீர்க்கோடுகள் எஞ்சினால், ரப்பரின் விளிம்பில் அழுக்கோ வெடிப்போ உண்டு என அறியலாம். ஈரத்துணியால் விளிம்பைத் துடைத்த பின்னும் கோடு மறையாவிடில் ரப்பரை மாற்றுதலே முறை. அகன்ற பட்டையாக நீர் நின்றால், கையிலுள்ள சுருள்வில் தளர்ந்திருத்தல் கூடும். துடைப்பான் அதிர்ந்து அதிர்ந்து ஓடினால், கை முறுகியிருக்கலாம். கண்ணாடி முழுவதும் மங்கலாகத் தோன்றின், எண்ணெய்ப் பசை படிந்துள்ளது. சோப்பு நீர் அதனை நீக்கும். புகையிலையை நனைத்துக் கண்ணாடியில் தேய்க்கும் வழக்கம் ஓட்டுநரிடையே உண்டு. அஃது அவ்வேளைக்கு உதவுமேயன்றி நிலையான மருந்தாகாது.

கண்ணுக்குத் தெரியாத உறுப்புகளையும் மறத்தலாகாது. வடத்திலுள்ள பழைய கிரீஸை வழித்தெடுத்துப் புதியது தடவுதல் வேண்டும். கையின் அச்சைச் சூழ்ந்துள்ள ரப்பர் வளையத்திற்குச் சில துளி கிளிசரின் இடுதல் நன்று. எண்ணெய் இட்டால் ரப்பர் ஊறிக் கெடும். துடைப்பான் மெல்ல ஊர்ந்தால், மோட்டார் பழுதென்று உடனே முடிவு செய்தல் தவறு. துருவேறிய ‘எர்த்’ இணைப்பும் மின்சாரத்தைத் தடுக்கும். அதனைச் சுரண்டித் தூய்மை செய்து இறுக்கினாற் போதும். நின்றுபோன துடைப்பானைக் கையாற் பிடித்துத் தள்ளுவதோ பெருந்தீங்கு. உள்ளே பற்சக்கரத்தின் பற்கள் முறிய நேரும்.

இவற்றையெல்லாம் எப்போது செய்வது? இவ்வினாவிற்குத் தஞ்சை உழவரே விடை கூறுவர். மேட்டூர் அணை ஜூன் 12-ஆம் நாள் திறக்கப்படுதல் மரபு. நீர் வந்தபின் எவரும் வாய்க்காலைத் தூர்வாருவதில்லை. வறண்டு கிடக்கும் கோடையிலேயே மண்ணை அள்ளிக் கரையை வலிவுறுத்துவர். நீர் கடைமடை வரை தடையின்றிச் செல்வது அவ்வுழைப்பின் பயனே. அங்ஙனமே, ஐப்பசி மழைக்கு உரிய துடைப்பானை ஆவணியிலேயே செப்பனிடுதல் அறிவுடைமை. அதற்கு வேண்டுவன சிறிது நீர், ஒரு துணி, சில துளி கிளிசரின், அரைமணி நேரப் பொறுமை ஆகியனவே. அவ்வரைமணி நேரத்தைச் செலவிட்டவர், கார்த்திகை இரவின் கொட்டும் மழையிலும் வாய்க்காற் கரையின் வளைவைத் தெளிவாகக் கண்டு, தம்மை நம்பி அமர்ந்திருப்போரை வீடு சேர்ப்பர்.