ஏ.சி. ஓடியும் பிசுபிசுப்பா?

கேள்வி: சென்னையில் சிறிய படுக்கையறைக்கு 2 டன் ஏ.சி. போட்டோம். அறை சில்லென்று இருக்கிறது. மெத்தை விரிப்பு மட்டும் ஈரம் கோத்ததுபோல் இருக்கிறதே, ஏன்?

பதில்: ஏ.சி.யின் அளவே காரணமாக இருக்கலாம். காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த சுருள்குழாயில் பட்டு நீராகி, வெளியே வடிய நேரம் வேண்டும். சிறிய அறையில் பெரிய ஏ.சி. சட்டென்று குளிர்வித்துவிட்டு கம்ப்ரசரை நிறுத்திவிடும். பிறகு விசிறி மட்டும் ஓடினால், சுருளில் ஒட்டிய நீர் ஆவியாகி அறைக்கே திரும்பும்.

ரிமோட்டில் நீர்த்துளிப் படம் போட்ட ‘டிரை’ முறை இந்த ஈரத்தைக் குறைக்கத்தான். பலர் அதைத் தொடுவதே இல்லை!

இத்தனைக்கும் 1902இல் புரூக்ளின் அச்சகம் ஒன்றுக்காக பொறியாளர் வில்லிஸ் கேரியர் வடிவமைத்த முன்னோடி ஏ.சி. கருவியின் முதல் வேலையே ஈரத்தை அடக்குவதுதான். அங்கே ஈரத்தில் தாள் விரிந்து சுருங்கியதால் வண்ணங்கள் இடம் பிசகின.

ஈரப்பதமானி 60 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் போதும். அறைக்குள் துணி காயப்போடுவதை நிறுத்தி, ஜன்னல் இடுக்குகளையும் அடைத்துவிடுவது நல்லது.