சின்னக் குதிரையும் இயற்கை வழிப் பயிற்சியும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

மினியேச்சர் குதிரை என்பது 34 அங்குல உயரத்தைத் தாண்டாத குதிரை. 1978-இல் தொடங்கப்பட்ட அமெரிக்க மினியேச்சர் குதிரைச் சங்கத்தின் வரையறை இது. பிடரிமயிரின் கடைசி முடி முளைக்கும் இடத்தில் உயரத்தை அளக்கிறார்கள். எடை பெரும்பாலும் 70 முதல் 115 கிலோ. பெரியவர்கள் ஏறிச் செல்லும் அளவுக்கு முதுகில் வலு இல்லாததால், வண்டியில் பூட்டி ஓட்டுவதே இதற்கு ஏற்ற வேலை.

டாம் டோரன்ஸ் (1910–2003), ரே ஹண்ட் (1929–2009) ஆகிய அமெரிக்கர்கள் மாட்டுப் பண்ணைக் குதிரைகளோடு பழகி, அடித்துப் பணியவைப்பதற்கு மாற்றாக ஒரு முறையை வளர்த்தார்கள். பாட் பரெல்லி, மான்டி ராபர்ட்ஸ் போன்றவர்கள் அதையும் அதை ஒத்த முறைகளையும் 'இயற்கை வழிப் பயிற்சி' என்ற பொதுப்பெயரில் உலகெங்கும் பரப்பினார்கள். சவாரிக் குதிரைக்காக உருவான இந்த முறை சின்னக் குதிரைக்கும் வண்டிக்கும் வந்தபோது, பல தவறான நம்பிக்கைகளும் சேர்ந்து வந்தன.

"நாய்க்குட்டி மாதிரிதான், தனிப் பயிற்சி எதற்கு?"

உருவம் குறைந்தாலும் இயல்பு குறைவதில்லை. தலையின் இரு பக்கமும் அமைந்த கண்களால் ஏறத்தாழ 350 பாகை வரை பார்ப்பதும், சந்தேகம் வந்தால் முதலில் ஓடிவிட்டுப் பிறகு யோசிப்பதும் எல்லாக் குதிரைக்கும் பொது. பெரிய குதிரையை யாராலும் கையால் இழுத்து நகர்த்த முடியாது. ஆகவே 'தள்ளி நில்', 'பின்னால் போ' என்று கற்றுக்கொடுத்தே ஆகவேண்டும். சின்னக் குதிரையைக் கயிற்றைப் பிடித்து இழுத்துவிடலாம், தோளால் முட்டித் தள்ளிவிடலாம். அதனாலேயே பல சின்னக் குதிரைகள் எதையும் கற்காமல் வளர்ந்துவிடுகின்றன. சட்டைப் பையை மோந்து, முன்னங்கால்களைத் தூக்கி ஆள்மேல் வைக்கும் குட்டியைப் பார்த்துச் சிரிப்பவர்கள், அதே பழக்கம் வண்டியின் ஏர்க்கால்களுக்கு நடுவே வந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்ப்பதில்லை. ஓட்டுபவர் உட்காரும் இடத்திலிருந்து குதிரையைத் தோளால் தள்ள வழியே இல்லை.

"இயற்கை வழி என்றால் வற்புறுத்தலே கிடையாது, அன்பு மட்டும்தான்."

அன்பு வேண்டும். ஆனால் இந்த முறையின் அச்சாணி அழுத்தமும் விடுவிப்பும். உளவியலில் இதற்கு எதிர்மறை வலுவூட்டல் என்று பெயர். விலாவில் விரல் நுனியை வைக்கிறார் பயிற்சியாளர்: முதலில் மயிரை மட்டும் தொடும் அளவு, அடுத்து தோல், அடுத்து தசை. குதிரை தன் எடையை மறுபக்கக் காலுக்கு மாற்றிய அந்தக் கணமே விரல் விலக வேண்டும். குதிரைக்குப் பாடம் ஆவது அழுத்தம் அல்ல, அந்த விலகல்தான். தாமதித்தால் எதற்காக விடுதலை கிடைத்தது என்பது அதற்குப் புரியாமல் போகலாம். சின்னக் குதிரையின் விலா, நிற்கும் ஆளின் தொடை உயரத்தில்தான் இருக்கும். குனிந்து மேலே கவிந்து நிற்பதே அதற்கு ஓர் அச்சுறுத்தல். நிமிர்ந்து நின்றபடி நீளமான மெல்லிய குச்சியால் தொடுவது இதனால்தான் நல்லது.

தின்பண்டம் கொடுத்துப் பழக்கினால் குதிரை கெட்டுவிடும் என்பதும் முழு உண்மையல்ல. சரியான செயலுக்கு உடனே கொடுத்தால் அது நன்றாகவே வேலை செய்கிறது. கவனிக்க வேண்டியது அளவை. சின்னக் குதிரைகள் எளிதில் கொழுத்து, குளம்பு அழற்சிக்கு ஆளாகின்றன. அதற்காகப் பட்டினி போடுவது அதைவிட ஆபத்து. திடீரென உணவு நின்றால் இரத்தத்தில் கொழுப்பு பெருகி உயிருக்கே உலை வைக்கும்.

"பயிற்சியாளர் குதிரை மொழியில் பேசி மந்தைத் தலைவர் ஆகிறார்."

வட்டமான அடைப்புக்குள் குதிரையை ஓடவிட்டு, அது திரும்பி அருகே வரும்போது 'என்னைத் தலைவராக ஏற்றுக்கொண்டது' என்று விளக்குவது வழக்கம். சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மனிதருக்குப் பதிலாகத் தொலைவிலிருந்து இயக்கும் பொம்மைக் காரை வைத்துச் சோதித்தார்கள். தாங்கள் எதிர்பார்த்த விதத்தில் குதிரை நடந்தபோது காரை நிறுத்தினார்கள். அந்த எந்திரத்திடமும் குதிரைகள் அதே வகையான நடத்தைகள் சிலவற்றைக் கற்றுக்கொண்டன. கார் மந்தைத் தலைவராக முடியாது. வேலை செய்தது விடுவிப்புதான். உதட்டை நக்கி வாயை மெல்லுவது பணிவின் அடையாளம் என்பதும் இதே வகை நம்பிக்கை. பதற்றத்திலிருந்து தளர்வுக்கு மாறும்போது குதிரை அப்படிச் செய்கிறது என்றே கவனிப்புகள் காட்டுகின்றன. அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதைவிட, சற்றுமுன் குதிரை ஏன் பதறியது என்று பார்ப்பதே நல்ல பயிற்சி.

"கடிவாளம், கண்மறைப்பு, சாட்டை எல்லாம் இயற்கைக்கு விரோதம்."

வண்டியோட்டிக்குக் காலால் விலாவை அழுத்தும் வசதி இல்லை. அவருக்கு உள்ளவை குரல், கடிவாள வார், சாட்டை மூன்றும்தான். சாட்டை இங்கே அடிக்க அல்ல, சவாரிக்காரரின் கால் தொடும் இடத்தைத் தொட. கண்மறைப்பு தேவையா என்பது குதிரைக்குக் குதிரை மாறும். ஆனால் பின்னால் வரும் வண்டியைத் திறந்த கண்ணோடு பார்த்துப் பழகிய பிறகே அதைப் போட வேண்டும். கடிவாளத்தில் உண்மையான சிக்கல் வேறு. தாடை சிறுத்த அளவுக்குப் பற்கள் சிறுக்கவில்லை. நெருக்கியடித்த பற்கள் இருக்கும் வாயில் பொருந்தாத இரும்பைத் திணித்தால் வலியில் தலையை உதறும். அதைப் 'பிடிவாதம்' என்று எழுதிவிடுவார்கள். முதலில் கால்நடை மருத்துவரிடம் பல்லைக் காட்டுவது முறை.

"இவ்வளவு சின்ன உயிரை வண்டி இழுக்கவைப்பது கொடுமை."

பொருத்தமான எடையும் நல்ல சக்கரமும் இருந்தால் கொடுமை இல்லை. இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் ஷெட்லாந்து மட்டக்குதிரைகள் நிலத்தடியில் தொட்டிவண்டிகளை இழுத்தன. இன்றைய அமெரிக்கச் சின்னக் குதிரைகளின் மூதாதையரில் அவையும் உண்டு. கெட்டியான சமதரையில் இலேசான இருசக்கர வண்டியையும் ஓட்டுபவர் ஒருவரையும் நல்ல உடல்வாகுள்ள சின்னக் குதிரை சிரமமின்றி இழுக்கும். முதுகில் சுமப்பது வேறு. உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கே பொதுவான வரம்பு. 100 கிலோ குதிரைக்கு 20 கிலோ.

"தரையில் அடங்கி நடந்தால் போதும், நேராக வண்டியில் பூட்டிவிடலாம்."

மிக மோசமான விபத்துகளுக்கு வழிவகுக்கும் நம்பிக்கை இதுதான். மிரண்ட குதிரை சவாரிக்காரரைக் கீழே தள்ளிவிட்டு ஓடினால் சுமை போய்விடும். வண்டி அப்படிப் போகாது; ஓட ஓடத் துரத்தும், இடிக்கும், சத்தம் போடும். மூன்று வயதுக்கு முன் பாரம் இழுக்கவைக்கக் கூடாது. அதுவரை செய்ய வேண்டிய தரைப்பயிற்சி நிறைய உண்டு. நீண்ட வார்களைப் பிடித்துப் பின்னால் நடந்தபடி, குரலுக்கு நிற்கவும் திரும்பவும் நெடுநேரம் அசையாமல் நிற்கவும் பழக்குகிறார்கள். பிறகு ஒருவர் காலி வண்டியை இழுத்து முன்னே போக, குதிரை அதைப் பின்தொடர்கிறது: தான் நெருங்க நெருங்க அது விலகிப்போவதைப் பார்க்கிறது. அடுத்து வண்டி பக்கவாட்டிலும் பின்னாலும் வருகிறது. விலாவின் இரு பக்கமும் வெறும் கம்புகளைப் பிடித்துத் திருப்பங்களில் உரசப் பழக்குவதும், மார்புப்பட்டையில் இலேசான மரக்கட்டையைக் கட்டி இழுக்கவைப்பதும் அதற்குப் பின். பின்தொடையைச் சுற்றும் பட்டைதான் இறக்கத்தில் வண்டியைத் தடுத்து நிறுத்துகிறது. அந்த அழுத்தத்தையும் முன்கூட்டியே கயிற்றால் உணர்த்த வேண்டும்.

முதல் நாட்களில் பூட்டும்போது இருவர் வேண்டும். ஒருவர் தலைப்பக்கம் நிற்க வேண்டும். எவ்வளவு சாதுவான குதிரையானாலும், வண்டியிலிருந்து முழுவதும் அவிழ்த்து வெளியே கொண்டுவரும் வரை அதன் கடிவாளத்தைக் கழற்றக் கூடாது.