நச்சுநிரல் நுழையும் இரண்டு வாசல்கள்

தீங்கு செய்வதற்கென்றே எழுதப்பட்ட மென்பொருளை நச்சுநிரல் என்கிறோம். அதுவும் கட்டளைகளின் தொகுப்புதான். கணினி அதை இயக்கினால்தான் அதற்கு உயிர் வரும். அப்படியானால் அதை இயக்கி வைப்பது யார்?

முதல் வாசல்: பழைய மென்பொருள்

2017 மே 12-ஆம் நாள் 'வான்னாகிரை' என்னும் நச்சுநிரல் பரவத் தொடங்கியது. சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் புகுந்தது. கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறப்பதற்கு 300 அமெரிக்க டாலர் கேட்டது. பிரிட்டனின் மருத்துவமனைகளும் தடுமாறின. யாரும் எதையும் சொடுக்கவில்லை. விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டை வழியாகக் கணினிக்குக் கணினி அது தானே தாவியது.

அந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் நாளே வெளியிட்டிருந்தது. இரண்டு மாதமாக அதை நிறுவாத கணினிகளே பெரும்பாலும் சிக்கின. இணைய உலாவிகளிலும் இத்தகைய ஓட்டைகள் அவ்வப்போது கண்டறியப்படுகின்றன. ஆகவே புதுப்பிக்கச் சொல்லும் அறிவிப்பைத் தள்ளிப் போடாதீர்கள்.

இரண்டாம் வாசல்: நம் கை

மலேசியாவின் 8 வங்கிகளுடைய வாடிக்கையாளர்களைக் குறிவைத்த மோசடி ஒன்றை 2022-இல் 'ஈசெட்' என்னும் கணினிப் பாதுகாப்பு நிறுவனம் வெளிப்படுத்தியது. வீட்டைத் துப்புரவு செய்து தருவதாகப் போலி இணையத்தளங்கள் ஆசை காட்டின. கைப்பேசியில் ஒரு செயலியை நிறுவச் சொல்லின. பணம் கட்டும் இடத்தில் போலி வங்கிப் பக்கம் தோன்றியது. தட்டச்சு செய்த கடவுச்சொல்லும், வங்கி அனுப்பிய குறுஞ்செய்தியும் திருடர்களுக்குப் போயின.

கணினியிலும் இதே தந்திரம்தான். "உங்கள் கணினியில் வைரஸ் உள்ளது, இதை நிறுவுங்கள்" என்று திடீரெனத் திரையில் மிரட்டும் பக்கமும், இலவசமாகக் கிடைக்கும் திருட்டு மென்பொருளும் நம் கையாலேயே கதவைத் திறக்க வைக்கின்றன.

முகவரிப் பட்டையில் பூட்டுச் சின்னம் தெரிந்தால் போதும் என்று நினைக்கிறீர்களா? நீங்கள் அனுப்பும் தகவலை வழியில் பிறர் படிக்க முடியாது என்பதே அதன் பொருள். மறுமுனையில் இருப்பவர் நேர்மையானவர் என்று அது சொல்வதில்லை.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. விண்டோஸ், உலாவி இரண்டும் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும்படி அமைத்து வையுங்கள். நச்சுநிரல் தடுப்பியை நிறுத்தாதீர்கள்.

2. அன்றாடப் பயன்பாட்டுக்கு நிர்வாகி உரிமை இல்லாத சாதாரணக் கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். நச்சுநிரல் பெரும்பாலும் அந்தக் கணக்கின் உரிமையோடுதான் இயங்கும். உரிமை குறைந்தால் சேதமும் குறையும்.

3. மென்பொருளை அதைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே பதிவிறக்குங்கள்.

4. படங்கள், பாடக் கோப்புகளை வெளிப்புற வன்தட்டில் நகலெடுத்து, வன்தட்டைக் கழற்றி வையுங்கள். இணைத்தே வைத்தால் நகலும் சேர்ந்து பூட்டப்படலாம்.

ஏமாந்துவிட்டதாகத் தெரிந்தால் உடனே இணைய இணைப்பைத் துண்டியுங்கள். கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் வங்கியையோ, தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் 997 எண்ணையோ அழையுங்கள். திருடிய பணத்தை மோசடிக்காரர்கள் கணக்குக்குக் கணக்கு மாற்றிக்கொண்டே போவார்கள். சீக்கிரம் சொன்னால்தான் அதைத் தடுத்து நிறுத்த வழியுண்டு.