புத்தகக் கடைக்குச் சேர்க்கும் பணம்

பத்தமடைக் கோரைப் பாயை அறியாதவர் நம்மில் குறைவு. தாமிரபரணிக் கரைக் கோரையைக் காயவைத்து, ஓடும் நீரில் ஊறவைத்து, நுணுக்கமாகக் கிழித்துச் சாயமேற்றி, பருத்தி நூல் பாவில் கோத்து நெய்வார்கள். 100 முதல் 140 எண் வரை நெய்யும் பட்டுப்பாயைத் துணிபோல் மடித்து வைக்கலாம். இதை நெய்பவர்களில் பெரும்பாலோர் நம் லெப்பைக் குடும்பத்துப் பெண்கள். புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. நெய்தவர் கையில் எவ்வளவு நிற்கிறது என்பதுதான் நம் பாடம்.

நமக்குத் தெரிந்த ஒரு பெண் பிள்ளை, உம்மாவிடம் தொழில் கற்றவள், கோரைப் பைகளும் சிறு பாய்களும் விற்றுப் பணம் சேர்க்கிறாள். பெண்கள் பள்ளிக்கூடத் தெருவில் ஒரு புத்தகக் கடை வைக்க வேண்டும் என்பது அவளது ஆசை. சென்ற ஆண்டு பரிசளிப்பு விழாவுக்கு அவளிடம் 40 பைகள் வாங்கினோம். 350 ரூபாய் சொன்னதை 300க்கு முடித்தோம். பேரத்தில் ஜெயித்த பெருமை வேறு நமக்கு.

பிறகு கர்ழன் ஹஸனா கேட்டு அலுவலகத்துக்கு வந்தாள். "மாமா, டப்பாவில் பதினாலாயிரம் இருக்கிறது, மீதியைக் கொடுத்தால் கடையைப் பிடித்துவிடுவேன்" என்றாள். நோட்டை விரித்து உட்கார்ந்தோம். ஒரு பைக்குக் கோரை, சாயம், நூல், உள்துணி, தையல் கூலி எல்லாம் சேர்த்து 190 ரூபாய். நெய்ய அரை நாள். அவள் உழைப்புக்கு நாளைக்கு 300 என்று வைத்தால் அரை நாள் கூலி 150. ஆக 340. பை 350க்குப் போனால் கடைக்கென்று நிற்பது 10 ரூபாய். 300க்கு வாங்கிய நாம் அந்தப் பத்தையும் எடுத்து, அவள் கூலியிலும் நாற்பதைக் குறைத்திருக்கிறோம். 40 பைக்கு 2,000 ரூபாய். அதை மறுநாளே கொடுத்தனுப்பினோம். அவள் தன் கூலியைக் கணக்கில் எழுதியதே இல்லை. வீட்டில் இருந்து வேலை செய்யும் நம் பெண்கள் பலரும் எழுதுவதில்லை.

அந்தப் பதினாலாயிரத்தையும் பிரித்துப் பார்த்தோம். கோரைக்காரருக்கும் சாயக்காரருக்கும் பாக்கி 5,000. மணமக்கள் பெயர் போட்டு நெய்யும் கல்யாணப் பாய்க்கு வாங்கிய முன்பணம் 4,000. பாய் கைமாறும் வரை அது அமானிதம். மிஞ்சியது ஐயாயிரம்தான். பிள்ளையின் முகம் வாடிவிட்டது. ஆனால் கடை பிடித்த பிறகு இது தெரிந்திருந்தால் இன்னும் கஷ்டம். இப்போது மூன்று சுருக்குப் பைகள் வைத்திருக்கிறாள்: சரக்குக்கு ஒன்று, அமானிதத்துக்கு ஒன்று, கடைக்கு ஒன்று. அரை நாள் பையைவிட, நியாயமான கூலி சொல்லிக் கேட்கக்கூடிய கல்யாணப் பாய்களை அதிகம் எடுக்கிறாள்.

புத்தகக் கடைக் கணக்கும் பார்த்தோம். 200 ரூபாய்ப் புத்தகத்தில் கடைக்காரருக்கு 60 ரூபாய் கழிவு கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். வாடகை 4,000 என்றால் மாதம் 67 புத்தகம் விற்றால்தான் வாடகையே தேறும். மின்சாரம், பார்சல் செலவு தனி. அதனால் கடை வேண்டாம், முதலில் ஒரு அலமாரி போதும் என்றோம். உம்மாவின் தையல் கடைத் திண்ணையில் இடம் இருந்தது. விற்காததைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் பதிப்பகங்களும் உண்டு, கழிவு சற்றுக் குறையும். புதிதாகத் தொடங்குபவருக்கு அதுவே நல்லது.

ஜகாத் பற்றியும் கேட்டாள். கடைக்கென்று நிய்யத் வைத்த பணம் என்பதால் ஜகாத் நீங்கிவிடாது. நிஸாபை, அதாவது 612.36 கிராம் வெள்ளியின் மதிப்பை எட்டி, ஒரு சந்திர வருடம் நிறைந்தால் இரண்டரை சதவீதம் கடமையாகும். கடை வந்த பின் விற்பனைக்கு உள்ள புத்தகங்களுக்கு அன்றைய விலையில் கணக்கு. அலமாரிக்கு இல்லை. கடனைக் கழிப்பதில் மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு இருப்பதால் அதை இமாமிடம் கேட்டுக்கொள்ளச் சொன்னோம்.

கர்ழன் ஹஸனாவாக அலமாரிக்கும் முதல் கட்டுப் புத்தகத்துக்கும் மட்டும் கொடுத்தோம். குழந்தைகள் கதைகளும் அகராதியும் சீக்கிரம் போகின்றன. நாம் சிபாரிசு செய்த தடித்த நூல்கள் இரண்டும் இன்னும் அங்கேயே இருக்கின்றன.