எடைக்குறைப்பு ஆபரேஷன்: எஸ்டிமேட்டில் எழுதாத செலவு

நூறு கிலோவைத் தாண்டிய ஒருவர் குடும்பத்தில் இருந்தால் யோசனைக்குப் பஞ்சமே இராது. கொள்ளு ரசம், வெந்நீரில் தேன், மாலை வாக்கிங், ராத்திரி சப்பாத்தி. எல்லாம் ஒரு சுற்று முடிந்து, சர்க்கரையும் முழங்கால் வலியும் வந்து சேர்ந்த பிறகு யாராவது 'பேரியாட்ரிக்' என்று பேச்செடுப்பார். உடனே வீடு இரண்டு கட்சியாகிவிடும். 'உயிரோடு விளையாடாதே' என்று ஒரு கட்சி. 'ஒரே ஆபரேஷன், எல்லாம் சரியாகிவிடும்' என்று இன்னொரு கட்சி. செலவழிப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டியவர் நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பார். அவருக்காகத்தான் இது.

நம்பிக்கை: கொழுப்பை உறிஞ்சி எடுத்துவிடுவார்கள்.

அது லைப்போசக்‌ஷன், தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பைக் குழாய் விட்டு எடுக்கும் அழகு சிகிச்சை. 2004-இல் அமெரிக்காவில் உடல்பருமன் கொண்ட பெண்களின் வயிற்றிலிருந்து பெருமளவு கொழுப்பை இப்படி எடுத்துப் பார்த்தார்கள். எடை குறைந்தது. ரத்தச் சர்க்கரையோ கொழுப்போ ரத்த அழுத்தமோ அசையவில்லை. பேரியாட்ரிக் அறுவை கொழுப்பைத் தொடுவதே இல்லை. இரைப்பையையும் குடலையும் மாற்றி அமைக்கிறது. 'ஸ்லீவ்' என்றால் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மீதியை வாழைப்பழ வடிவக் குழாயாக விடுவது. வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது. 'பைபாஸ்' என்றால் இரைப்பையின் மேல்பகுதியில் சிறு பை ஒன்றைப் பிரித்து, சிறுகுடலை நேராக அதனுடன் இணைப்பது.

நம்பிக்கை: வாயைக் கட்டத் தெரியாதவர்களின் குறுக்குவழி.

இதைச் சொல்பவர்களில் பெரும்பாலோர் பிறவி ஒல்லிகள். எடையை இழப்பது ஒரு வேலை, இழந்த எடையைத் திரும்ப விடாமல் காப்பது வேறு வேலை. முதலாவதைப் பருமனானவர்களில் பலர் பலமுறை செய்து முடித்தவர்கள். பத்து கிலோ குறைத்து, பன்னிரண்டு கிலோ ஏறியவர்கள். அமெரிக்கத் தொலைக்காட்சியில் போட்டி போட்டு எடை குறைத்தவர்களை ஆறு ஆண்டு கழித்துப் பரிசோதித்த ஆய்வு 2016-இல் வெளிவந்தது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது அவர்கள் உடல் எரிக்கும் கலோரி, அந்த எடைக்கு எதிர்பார்க்கப்படும் அளவைவிட நாளுக்குச் சுமார் 500 குறைவாக இருந்தது. அதற்குள் பெரும்பாலோருக்குக் கணிசமான எடை திரும்பியும் விட்டது. பட்டினி காலம் வந்துவிட்டதென்று உடல் சிக்கனத்தில் இறங்குகிறது, பசியையும் ஏற்றிவிடுகிறது. மன உறுதி இல்லாததால் வந்த வினை என்று இதைச் சொல்வது அநியாயம்.

அறுவை கை வைப்பது இந்த இடத்தில்தான். ஸ்லீவில் வெட்டி எடுக்கப்படும் இரைப்பையின் மேல்பகுதியில்தான் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சுரக்கிறது. உணவு குடலின் கீழ்ப்பகுதிக்குச் சீக்கிரம் போய்ச் சேர்வதால், 'போதும்' என்று மூளைக்குச் சொல்லும் ஜி.எல்.பி.-1 போன்ற ஹார்மோன்கள் கூடுகின்றன. 1987-இல் தொடங்கிய ஸ்வீடன் ஆய்வில் அறுவை செய்துகொண்ட சுமார் 2,000 பேரையும், அதே அளவு பருமனுடன் வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களையும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார்கள். பைபாஸ் செய்துகொண்டவர்கள் 10 ஆண்டுக்குப் பிறகும் பழைய எடையில் 25% குறைவாக இருந்தார்கள். மற்றவர்கள் எடை ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நின்றது. ஆயுளில் அறுவைக்காரர்களுக்குச் சுமார் 3 ஆண்டு கூடுதல். ஆனால் அதே ஆய்வு இன்னொன்றும் சொல்கிறது: பொது மக்களோடு ஒப்பிட்டால் அவர்கள் ஆயுள் அப்போதும் ஐந்தரை ஆண்டு குறைவு. விளம்பரப் பலகையில் முதல் பாதி மட்டும்தான் இடம்பெறும்.

நம்பிக்கை: 'அதிக எடையில் 70% போய்விடும்' என்றால் ஒல்லியாகிவிடலாம்.

பிரசுரத்தில் இருக்கும் இந்தக் கணக்கைக் கொஞ்சம் நிதானித்துப் பாருங்கள். ஐந்தடி மூன்றங்குலம், அதாவது 160 செ.மீ. உயரம், எடை 100 கிலோ. அந்த உயரத்துக்கு பி.எம்.ஐ. என்ற எடை-உயரக் கணக்கு 25 என்றால் 64 கிலோ. அப்படியானால் 'அதிக எடை' 36 கிலோ. அதில் 70% என்றால் 25 கிலோ. நூறு கிலோக்காரர் 75 கிலோவுக்கு வருவார். சர்க்கரைக்கும் மூட்டுக்கும் குறட்டைக்கும் அது பெரிய மாற்றம். பழைய கல்யாணப் புடவை ரவிக்கையை எண்ணிப் பணம் கட்டியவருக்கு அது ஏமாற்றம்.

நம்பிக்கை: ஆபரேஷனோடு சர்க்கரை போயே போய்விடும்.

பலருக்குப் போகிறது, எத்தனை நாளைக்கு என்பதுதான் விஷயம். ஸ்வீடன் ஆய்வில் 2 ஆண்டு முடிவில் 72% பேருக்குச் சர்க்கரை நோய் அடங்கியிருந்தது. 10 ஆண்டில் அது 36% ஆகிவிட்டது. அமெரிக்காவில் க்ளீவ்லாந்து கிளினிக் நடத்திய ஆய்வில், 5 ஆண்டு கழித்து மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6% அல்லது அதற்குக் கீழ் இருந்தவர்கள் பைபாஸில் 29%, ஸ்லீவில் 23%, மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5%. மருந்தைவிட அறுவை மேல், சந்தேகமில்லை. ஆனால் 'குணம்' என்ற சொல்லுக்குச் சர்க்கரை விஷயத்தில் நான் இடம் கொடுக்க மாட்டேன். சர்க்கரை வந்து சில ஆண்டுகளே ஆனவர்கள், மாத்திரையில் இருப்பவர்கள் நல்ல பலன் பெறுகிறார்கள். பதினைந்து ஆண்டாக இன்சுலின் போடுபவருக்குக் கணையம் ஏற்கெனவே களைத்துப் போயிருக்கும். அவருக்கு டோஸ் குறையலாம், அடியோடு நிற்பது அரிது.

நம்பிக்கை: டேபிளிலேயே உயிர் போய்விடும்.

2024 ஏப்ரலில் சென்னைப் புறநகரில் இந்த அறுவைக்குப் போன இளைஞர் ஒருவர் இறந்த செய்திக்குப் பிறகு, நாளைக் குறித்திருந்த பலர் வேண்டாமென்று விட்டிருப்பார்கள். பயம் நியாயமானதுதான். ஆனால் அளவு தெரிய வேண்டும். அமெரிக்காவின் 10 மையங்களில் 4,776 பேரைக் கவனித்த ஆய்வில் 30 நாளுக்குள் இறந்தவர்கள் 0.3%. அங்கே செய்தவர்கள் கைதேர்ந்தவர்கள், ஏற்பாடும் முழுமையானது. அந்த எண் எல்லா ஊர் ஆபரேஷன் தியேட்டருக்கும் தானாகப் பொருந்திவிடாது. 150 கிலோ உடலுக்கு மயக்க மருந்து கொடுப்பதே தனி வித்தை. தீவிர சிகிச்சைப் பிரிவு அதே கட்டடத்தில் இருக்கிறதா, இரவு இரண்டு மணிக்கு வயிற்றைத் திறக்க வேண்டி வந்தால் யார் வருவார், மாதத்துக்கு எத்தனை செய்கிறீர்கள் என்று கேட்டாக வேண்டும். கேட்டால் முகம் சுளிக்கும் இடத்தில் படுக்காமல் இருப்பது உத்தமம்.

டிஸ்சார்ஜுக்குப் பிறகும் கவனம் தேவை. ஸ்டேப்லர் போட்ட இடத்தில் கசிவு ஏற்பட்டால் காய்ச்சலோ தோள் வலியோ வரலாம். நாடித் துடிப்பு 120-ஐத் தாண்டி அங்கேயே நின்றால், வீட்டில் யாரும் 'கேஸ்' என்று முடிவு கட்டக் கூடாது. அறுவை செய்த மருத்துவமனைக்கே திரும்ப வேண்டும்.

நம்பிக்கை: நாலு லட்சம் கட்டினால் கணக்கு முடிந்தது.

தனியார் மருத்துவமனைகளில் மூன்று முதல் ஐந்து லட்சம் வரை எஸ்டிமேட் போடுகிறார்கள். சென்னையின் பெரிய அரசு மருத்துவமனைகளிலும் இந்த அறுவை நடந்திருக்கிறது. கையில் பணமில்லாதவர் முதலில் விசாரிக்க வேண்டிய இடம் அது. எஸ்டிமேட் தாளில் வராத வரிகள் வேறு. பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆகியவற்றை ஆயுள் முழுக்க எடுக்க வேண்டும். முதல் ஆண்டில் சில முறை, பிறகு ஆண்டுதோறும் ரத்தப் பரிசோதனை. வேகமாக இளைப்பதால் பித்தப்பைக் கல் வரலாம். அதைத் தடுக்க ஆறு மாதம் மாத்திரை கொடுப்பதுண்டு. மூன்றாம் மாதத்திலிருந்து சீப்பு நிறைய முடி வரும்; பெரும்பாலும் திரும்ப முளைத்துவிடும், ஆனால் அந்த மாதங்களில் கண்ணாடி முன் நிற்பதே சங்கடம். தொங்கும் தோலை எடுக்க வேண்டுமென்றால் அது தனி ஆபரேஷன், தனி பில்.

புரதம் நாளுக்கு 60 கிராமாவது வேண்டும் என்பார்கள். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு இட்லியில் சுமார் 2. வயிற்றில் இடமோ கால் டம்ளர் அளவு. சைவ வீட்டில் இதற்குப் பனீர், சுண்டல், சோயா, புரோட்டீன் பவுடர் என்று தினமும் கணக்குப் போட்டாக வேண்டும். சமைப்பவர் யாரோ, அவர் சம்மதமும் ஆபரேஷனுக்கு முன்பே தேவை.

என் உறவுக்காரர் ஒருவர் பைபாஸ் செய்துகொண்டவர். அவரோடு ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். இலையில் சோறு விழுவதற்கு முன் கையை நீட்டித் தடுத்து, கூட்டும் பருப்பும் மட்டும் வாங்கிக்கொண்டார். ஒரு வாய் எடுத்து, நான் நாலு வாய் முடிக்கும் வரை மென்றார். ரசம் வேண்டாம், சாப்பிடும்போது நீராகாரம் இறங்கக் கூடாது, தண்ணீர் அரை மணி கழித்துத்தான். பாயசம் வந்ததும் இலையை மறைத்துக்கொண்டார். முன்பு ஒருமுறை ஆசைக்குக் குடித்துவிட்டு, கால் மணிக்குள் வேர்த்து, நெஞ்சு படபடத்து மண்டபத்து மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாராம். சம்பந்தி வீட்டுப் பெரியவர் வந்து, "என்ன மாப்ளே, எங்க சாப்பாடு பிடிக்கலையா?" என்று கேட்டபோது இவர் சிரித்துச் சமாளித்தார். ஒவ்வொரு விசேஷத்திலும் இது உண்டு என்றார். யாரிடமும் ஆபரேஷன் என்று சொல்லிக்கொள்வதில்லை. சொன்னால், 'குறுக்குவழி' பேச்சு ஆரம்பமாகிவிடும்.

குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. பைபாஸுக்குப் பிறகு மது மிக வேகமாக ரத்தத்தில் ஏறும்; இரண்டாம் ஆண்டிலிருந்து குடிநோய் அதிகரிப்பதை அமெரிக்க ஆய்வு பதிவு செய்திருக்கிறது. குழந்தை வேண்டும் என்பவர்கள் ஒன்று, ஒன்றரை ஆண்டு தள்ளிப்போட வேண்டும். எடை குறைந்ததும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை சரியாகி எதிர்பாராமல் கருத்தரிப்பதும் நடக்கிறது. மூட்டு வலிக்குக் கடையில் வாங்கும் வலி மாத்திரைகள் பைபாஸ்காரருக்குப் புண் உண்டாக்கும். இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது விடாத வாந்தி. பி1 சத்து தீர்ந்து மூளையைத் தாக்கும் ஆபத்து அதில் உண்டு. நம்மூர் கிளினிக்கில் வாந்தி என்று போனால் முதலில் ஏற்றுவது குளுக்கோஸ் பாட்டில். பி1 ஊசி போடாமல் குளுக்கோஸ் ஏற்றினால் நிலைமை இன்னும் மோசமாகும். 'எனக்குக் குடல் பைபாஸ் ஆகியிருக்கிறது' என்று எழுதிய சீட்டு ஒன்று பர்ஸில் இருக்கட்டும்.

எந்த அறுவை என்பதிலும் அவசரம் கூடாது. பின்லாந்தில் ஸ்லீவையும் பைபாஸையும் ஒப்பிட்டு 10 ஆண்டு கவனித்த ஆய்வில், உணவுக்குழாய்ப் புண் ஸ்லீவ்காரர்களில் 31%, பைபாஸ்காரர்களில் 7%. ஏற்கெனவே நெஞ்செரிச்சலால் அவதிப்படுபவர் இதைக் கேட்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

நம்பிக்கை: இன்சூரன்ஸ் ஒரு பைசா தராது.

தரும், நிபந்தனையோடு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் வகுத்த விதியின்படி, 18 வயது நிறைந்து, மருத்துவர் பரிந்துரையோடு, பி.எம்.ஐ. 40-ஐ எட்டியவருக்கு 'உடல்பருமன்' என்ற காரணத்தைக் காட்டி மறுக்க முடியாது. 35 என்றால் இதய நோய், கடுமையான தூக்க மூச்சுத்திணறல், கட்டுக்குள் வராத சர்க்கரை போன்றவற்றில் ஒன்றிருந்து, மற்ற சிகிச்சைகள் பலிக்காமல் போயிருக்க வேண்டும். காத்திருப்புக் காலம் தனி. சிக்கல் எங்கே என்றால், ஆசியர்களுக்கு 27.5-இலிருந்தே அறுவையை யோசிக்கலாம் என்று 2022-இல் சர்வதேச மருத்துவச் சங்கங்கள் சொல்லிவிட்டன. நாம் பார்த்த அதே 160 செ.மீ. உயரத்தில் 85 கிலோ எடையும் அடங்காத சர்க்கரையும் உள்ளவருக்குப் பி.எம்.ஐ. 33. மருத்துவர் 'செய்யலாம்' என்பார், இன்சூரன்ஸ் 'முடியாது' என்னும். அட்மிஷனுக்கு முன்பே முன்-அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நம்பிக்கை: ஊசி வந்துவிட்டது, இனி கத்தி எதற்கு?

செமாகுளூடைட் ஊசி 68 வாரத்தில் சராசரியாக 15% எடையைக் குறைத்தது. டிர்செபடைட் அதன் உச்ச டோஸில் 72 வாரத்தில் சுமார் 21%. அறுவையை நெருங்கும் எண்கள். பி.எம்.ஐ. 30-ஐ ஒட்டி நிற்பவர் முதலில் ஊசியை யோசிப்பதே சரி என்பது என் கட்சி. ஆனால் நிறுத்தினால் என்ன ஆகும்? செமாகுளூடைடை நிறுத்திய ஓராண்டில், இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. ஆக, இதுவும் ஆயுள் சந்தாதான். டிர்செபடைட் 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தபோது 5 மி.கி. குப்பி 4,375 ரூபாய், வாரம் ஒன்று. அந்த விலையில் ஆண்டுக்கு இரண்டேகால் லட்சம் தாண்டியது. இரண்டு ஆண்டில் ஒரு ஆபரேஷன் செலவு. செமாகுளூடைடின் இந்தியக் காப்புரிமை 2026 மார்ச் வரைதான் என்பதால், உள்நாட்டுக் கம்பெனிகளின் விலையை வைத்து இந்தக் கணக்கை மறுபடி போட வேண்டும். பி.எம்.ஐ. 45, 50 என்று நிற்பவருக்கு விலை இறங்கினாலும் ஊசி மட்டும் போதுமான அளவுக்குக் கொண்டுபோவது கடினம். அவர்களில் சிலருக்கு முதலில் ஊசி போட்டு எடையைக் கொஞ்சம் இறக்கி, பிறகு டேபிளில் ஏற்றுகிறார்கள். அறுவைக்குச் சில ஆண்டு கழித்து எடை ஏறத் தொடங்கியவர்களுக்கும் இப்போது ஊசி எழுதுகிறார்கள்.